ஹுவாவெய்யோட புது ஓஎஸ் ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்டுக்கு நம்ம கேம போர்ட் பண்ணலாமா (மாத்திப் போடலாமா)? ரெண்டு பேர் டீம், யோசனை வேணும்

சுங்கைசிப்புட்_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நானும் என் மச்சானும் சேந்து ஒரு சின்ன கேம் பண்ணிருக்கோம், பால்மரம் (ரப்பர்) வெட்டுற கேம். விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுக்குற எடம்) போய் பேர் குடுத்துட்டு, நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள நம்ம நெரைய வெட்டி முடிக்கணும். கத்தி ஆழமா எறங்கிட்டா மரத்துக்கு காயம், அடுத்த லெவல்ல அந்த மரம் பால் தராது, மேலாக்க வெட்டுனா கோப்பை நெறையாது, மழை புடிச்சா அன்னிக்கு கூலி போச்சு. எங்க தாத்தா பாட்டி செஞ்ச வேலை இது. இப்ப எங்க பக்கம் தோட்டமெல்லாம் செம்பனையா (எண்ணெய்ப் பனை) ஆயிட்டு வருது, அதனால இத ஒழுங்கா செஞ்சு வைக்கணும்னு ரெண்டு பேருக்கும் ரொம்ப ஆசை.

யூனிட்டிங்கிற கேம் எஞ்சின்ல பண்ணது, ப்ளே ஸ்டோர்ல போட்டாச்சு. காசு வர்றது ரெண்டு வழி, கூகுளோட ஆட்மாப் விளம்பரம் ஒன்னு, கேமுக்குள்ள கத்தி, லைட்டு வாங்குறது இன்னொன்னு. பிரச்சனை என்னன்னா யாருக்காக இத பண்ணோமோ அந்த பெரியம்மா, சித்தப்பா வயசு ஆளுங்க நெறைய பேரு கையில ஹுவாவெய் போன் இருக்கு, அதுல கொஞ்சம் புது மாடல் வச்சிருக்கவங்க போன்ல ப்ளே ஸ்டோரே கிடையாது. கோயில் திருவிழாவுல பாத்தா "தம்பி உன் கேம் என் போன்ல வரலயே"ன்னு கேக்குறாங்க, பதில் சொல்ல முடியல.

கேஎல்ல வேலை செய்ற கூட்டாளி ஒருத்தரு, ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்ட் வந்துருச்சு, அந்த ஸ்டோர்ல இன்னும் கேம் கூட்டம் சேரல, இப்பவே போர்ட் பண்ணா உங்கள முன்னாடி வச்சு காட்டுவாங்கன்னு சொல்றாரு. மச்சான் உடனே ஆரம்பிக்கலாம்னு நிக்கிறான். எனக்கு யோசனையா இருக்கு, ரெண்டு பேருக்கும் பகல்ல வேற வேலை, ராத்திரி கிடைக்கிற நேரத்துலதான் கோடு எழுதுறோம். அத ஒரு புது ஓஎஸ்ல போடலாமா, இல்ல இருக்குற கேம்லயே அடுத்த லெவல் பண்ணலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

ஈப்போ_கோடர்:
தம்பி, மொதல்ல ரெண்டு விஷயத்த தனித்தனியா பிரிச்சுக்கணும், உங்க கூட்டாளி ரெண்டையும் ஒன்னாக்கி சொல்லிட்டாரு.

2019 மே மாசம் அமெரிக்கா ஹுவாவெய்ய தடைப் பட்டியல்ல போட்டுச்சு. அதுக்கு அப்புறம் வந்த புது மாடல்ங்க, மேட் 30ல ஆரம்பிச்சு, கூகுள் சர்வீஸ் இல்லாமத்தான் வந்துச்சு. ஆனா நம்ம நாட்டுல விக்கிற அந்த போன்ல ஓடுறது இஎம்யூஐங்கிற ஹுவாவெய் மென்பொருள், அடியில இருக்குறது ஆண்ட்ராய்டுதான். உங்க ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) அதுல அப்படியே ஏறும். ஹுவாவெய்யோட ஸ்டோர் ஆப்கேலரியும் அந்த ஏபிகேய வாங்கிக்கும்.

ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்ட்டுங்கிறது வேற கதை. 2024 அக்டோபர்ல சீனாவுல விட்டாங்க. ஆண்ட்ராய்டு கோட மொத்தமா எடுத்துட்டாங்க, ஏபிகே நேரடியா ஓடாது, ஆர்க்டிஎஸ்னு அவங்க சொந்த மொழி, டெவ்ஈகோ ஸ்டூடியோன்னு அவங்க சொந்த டூல். அந்த போன் வச்சிருக்கவங்க பெரும்பாலும் சீனாவுக்குள்ளதான் இருக்காங்க. ஆக உங்க பெரியம்மா போனுக்கும் நெக்ஸ்டுக்கும் சம்பந்தமே இல்ல, அவங்களுக்காக நீங்க போர்ட் பண்ண வேண்டியது ஒன்னும் கிடையாது.

இப்ப நெக்ஸ்டுக்கே போறதா வச்சுக்குவோம். நாம டவுன்லோட் பண்ற சாதாரண யூனிட்டியில அந்த ஓஎஸ்க்கு பில்ட் (ஓடுற ஆப்) எடுக்குற வழி இல்ல, யூனிட்டி சைனா பண்ற துவான்ஜியேன்னு ஒரு தனி எஞ்சின் இருக்கு, அது யூனிட்டி 2022 எல்டிஎஸ் பதிப்பு மேல கட்டுனது, அதுல எடுக்கலாம். நீங்க அதுக்கு அப்புறம் வந்த யூனிட்டி 6ல பண்ணிருந்தா புராஜெக்ட பின்னாடி எறக்கணும், நீங்க காசு குடுத்து வாங்குன பிளக்இன் ஒவ்வொன்னும் அதுல ஓடுதான்னு பாக்கணும். கோக்கோஸ்ங்கிற இன்னொரு எஞ்சின்லயும் அந்த ஓஎஸ்க்கு பில்ட் வருது, ஆனா நீங்க கேம திரும்ப எழுதணும்.

அதெல்லாம் முடிச்சாலும் பெரிய கதவு இன்னும் மூடித்தான் இருக்கும். சீனாவுல காசு வாங்குற கேமுக்கு அரசாங்க லைசென்ஸ் நம்பர் வேணும், வெளிநாட்டு ஆளு நேரா விண்ணப்பிக்க முடியாது, உள்ளூர் பப்ளிஷர் ஒருத்தர் எடுத்துக் கட்டணும். 2021 ஜூலைல இருந்து 2022 ஏப்ரல் வரைக்கும் புது லைசென்ஸே குடுக்காம நிறுத்தி வச்சிருந்தாங்க, அங்க உள்ள பெரிய கம்பெனிங்களே கைய கட்டிக்கிட்டு காத்திருந்தாங்க. ஸ்டோர்ல கூட்டம் இல்லன்னு மட்டும் பாக்காதீங்க, உள்ள போறதுக்கு வாசல் யாரு கையில இருக்குன்னு பாருங்க. ரெண்டு பேரு ராத்திரியில உக்காந்து பண்ற டீம் அந்த வாசல்ல போய் நிக்கக்கூடாதுங்கிறது என் கருத்து.

அதுக்கு பதிலா இஎம்யூஐ போனுக்கு ஆப்கேலரியில போடுங்க. வேலை இருக்கு, ஆனா சின்ன வேலை. கூகுள் சர்வீஸ் இல்லாத போன்ல ஆட்மாப் ஒழுங்கா ஓடாது, ப்ளே பில்லிங் (காசு வாங்குறது) ஓடாது, ப்ளே கேம்ஸ் லாகின் ஓடாது. அதுக்கு ஹுவாவெய்யோட சொந்த சர்வீஸ் எச்எம்எஸ்ல விளம்பரத்துக்கு ஒரு கிட், கேமுக்குள்ள வாங்குறதுக்கு ஒரு கிட் இருக்கு. கேம் கோடு நேரா ஆட்மாப்ப கூப்பிடாம நடுவுல ஒரு லேயர் வச்சு எழுதிடுங்க, "விளம்பரம் காட்டு", "கத்திய வாங்கு", இப்படி ரெண்டு மூணு பங்ஷன் போதும், உள்ள யாரு வேலை செய்றாங்கன்னு பில்ட் எடுக்கும்போது முடிவு பண்ணிக்கலாம். நாளைக்கு வேற ஸ்டோர் வந்தாலும் இந்த லேயர்தான் காப்பாத்தும்.

கிள்ளான்_மீனா:
அண்ணே சொன்னதுல லைசென்ஸ் விஷயம் சரி. ஆனா புது ஸ்டோருக்கு சீக்கிரம் போறதே தப்புங்கிற மாதிரி தம்பி எடுத்துக்கக் கூடாது, அதனால எழுதுறேன். 2008 ஜூலைல ஆப்பிள் ஆப் ஸ்டோர் தொறந்தப்ப மொத்தம் 500 ஆப் கிட்டத்தான் இருந்துச்சு, அன்னிக்கு உள்ள போன சின்ன சின்ன ஆளுங்க நல்லா சம்பாதிச்சாங்க. இன்னிக்கு ப்ளே ஸ்டோர்ல தமிழ் கேம் போட்டா யாரு கண்ணுல படுது? அதுலயும் 2023 நவம்பருக்கு அப்புறம் புதுசா தனியாள் கணக்கு தொறந்தவங்க, கேம வெளியிட முன்னாடி 12 பேர வச்சு 14 நாள் டெஸ்ட் ஓட்டிக் காட்டணும். நான் கிள்ளான்ல சொந்தக்காரங்க, ஆபீஸ் கூட்டாளிங்கன்னு ஒவ்வொருத்தரா கெஞ்சி சேத்தேன், பாதியில ஒருத்தர் ஆப்ப அழிச்சாலும் மனசு பதறும். பெரிய ஸ்டோருக்கு சின்ன ஆள் தேவையில்ல, சின்ன ஸ்டோருக்கு ஒவ்வொரு ஆளும் தேவை. கேம்ல உள்ளூர் வாசம் இருந்தா எடிட்டர் கண்ணுல படுறதுக்கு வாய்ப்பு கூட. அதனால ஆப்கேலரிக்கு கண்டிப்பா போங்க, போட்டுட்டு சும்மா இருக்காதீங்க, தீபாவளிக்கு ஒரு தடவ, பொங்கலுக்கு ஒரு தடவ அப்டேட் குடுத்து, அவங்களுக்கே எழுதிக் கேளுங்க.

சுங்கைசிப்புட்_பையன்:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ரெண்டும் வேற வேறன்னு எங்களுக்கு யாருமே இதுவரைக்கும் சொல்லல. மச்சானும் படிச்சுட்டான், அவன் கேக்குறது இதுதான்: ஹுவாவெய் இவ்வளவு பெரிய கம்பெனி, காசு போட்டு தள்ளுது, இந்த ஓஎஸ் கண்டிப்பா நிக்கும், அப்ப முன்னாடியே கத்துக்கிட்டா நமக்குத்தானே நல்லது?

பழைய_சிம்பியன்:
மச்சான் கேட்டது நல்ல கேள்வி, நான் இந்த ஆட்டத்த ரொம்ப நாளா பாத்துக்கிட்டு வர்றேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன் பொறுத்துக்குங்க.

கம்பெனி பெருசா இருக்குறது வேற, அந்த ஸ்டோர் நிக்கிறது வேற. நோக்கியா ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய போன் கம்பெனி, 2009ல ஓவி ஸ்டோர் தொறந்தாங்க, 2014 ஜனவரியோட அவங்க போன் ஓஎஸ் சிம்பியனுக்கு புது ஆப்பும் இல்ல, அப்டேட்டும் இல்லன்னு நிறுத்திட்டாங்க. பிளாக்பெரி 10 வர்றதுக்கு முன்னாடி போர்ட் பண்ற ஒவ்வொரு ஆப்புக்கும் 100 டாலர் குடுத்தாங்க, நல்லா விக்கிற ஆப்புக்கு 10,000 டாலர் வருமானத்துக்கு உத்தரவாதமே குடுத்தாங்க, 2013ல போன் வந்துச்சு, 2019 கடைசியில ஸ்டோர மூடிட்டாங்க. விண்டோஸ் போன் பின்னாடி மைக்ரோசாப்டே நின்னுச்சு, அதுவும் போச்சு. காசு குடுத்து ஆப்ப கொண்டுவர முடியும், அத வாங்குற ஆள கொண்டுவர முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2012ல விண்டோஸ் 8 அதோட சொந்த ஸ்டோரோட வர்ற நேரத்துல ஸ்டீம்னு பிசி கேம் ஸ்டோர் நடத்துற வால்வ் கம்பெனி தலைவர் கேப் நியூவெல் அது பிசி ஆளுங்க எல்லாருக்கும் பெரிய நாசம்னு வெளிப்படையா சொன்னாரு. அவங்க லினக்ஸ் ஓஎஸ் பக்கம் போனாங்க. மொதல் முயற்சி, 2015ல வந்த ஸ்டீம் மெஷின்ங்கிற கேம் பிசி, எடுபடல, ஏன்னா கேம் பண்றவங்க லினக்ஸுக்கு தனியா போர்ட் பண்ணணும்னு இருந்துச்சு. 2018ல புரோட்டான் கொண்டு வந்தாங்க, விண்டோஸ் கேம் அப்படியே லினக்ஸ்ல ஓட ஆரம்பிச்சுது, அதுக்கப்புறம் 2022ல வந்த ஸ்டீம் டெக்ங்கிற கையடக்க கேம் பிசி நின்னுச்சு. பாரத்த டெவலப்பர் தலையில ஏத்தாம ஓஎஸ் பண்ணவங்களே தூக்குனாங்க, எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமா படுது. நெக்ஸ்ட் பாரத்த உங்க தலையில வைக்குது. சீனாவுல அது நிக்கும்னுதான் நானும் நினைக்கிறேன், அங்க பெரிய பெரிய ஆப் எல்லாம் போயிருச்சு. ஆனா அது நின்னா உங்களுக்கு என்ன வருதுங்கிறதுதான் கேள்வி.

தோட்டத்துல ரப்பர வெட்டிட்டு செம்பனை நட்டா குலை தள்ள மூணு வருஷம் கிட்ட ஆகும், அந்த மூணு வருஷம் வருமானம் இல்லாம தாங்குறது கம்பெனியால முடியும், ரெண்டு ஏக்கர் சின்ன தோட்டக்காரரால முடியாது, அவரு ஒரு பக்கம் பால் வெட்டிக்கிட்டேதான் இன்னொரு பக்கம் நடுவாரு. நீங்களும் ஓடுற கேம விட்டுட்டு போகாதீங்க. மச்சானுக்கு கத்துக்க ஆசையா இருந்தா ஆர்க்டிஎஸ்ல சின்னதா ஒரு தாயக்கட்டை ஆப் பண்ணி பாக்கட்டும், அது டைப்ஸ்கிரிப்ட் மொழி மாதிரிதான், படிப்பு வீணாகாது.

ரவாங்_தமிழ்ஃபாண்ட்:
யாரும் எழுத்து பத்தி பேசல, எனக்கு அதுதான் முக்கியமா படுது. யூனிட்டியில எழுத்து காட்டுற டெக்ஸ்ட்மெஷ் புரோவுல தமிழ் யூனிகோட போட்டா "கெ", "கே", "கை" எல்லாம் கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். நீங்க ஸ்டோர்ல போட்டிருக்கீங்கன்னா பழைய என்கோடிங் ஃபாண்டுக்கு மாத்தித்தான் சமாளிச்சிருப்பீங்க. எஞ்சின் மாத்தும்போது அந்த சமாளிப்பும் சேந்து வரணும், எந்த முடிவுக்கு முன்னாடியும் ஒரு முழு வசனத்த ஓட்டிப் பாருங்க. பாட்டி பேசுற வசனம் ஒடஞ்சு வந்தா அந்த கேம்ல உயிரே இல்ல. அடுத்த கேம புதுசா ஆரம்பிக்கிறதா இருந்தா கோடோ 4 எஞ்சின பாருங்க, 2023ல வந்தது, எழுத்த சரியா கோக்குற ஹார்ஃப்பஸ் உள்ளயே இருக்கு, தமிழ் நேரா வரும், எந்த வித்தையும் வேணாம்.

இன்னொன்னு, வெப் பில்ட். யூனிட்டி 6ல இருந்து போன் பிரவுசருக்கும் அதிகாரபூர்வமா ஆதரவு இருக்கு. கேம சுருக்கி மொதல் ரெண்டு லெவல மட்டும் வெப்ல போட்டு வாட்ஸ்அப் குரூப்புல லிங்க் அனுப்புனா எந்த போனா இருந்தாலும் தொறந்து பாத்துக்கலாம், ஸ்டோரே வேணாம். பழைய போன்ல மெமரி பத்தாது, படத்தோட சைஸ கொறைங்க.

சுங்கைசிப்புட்_பையன்:
ஆமா அண்ணே, ஃபாண்ட் அப்படித்தான் சமாளிச்சிருக்கோம், கண்டுபுடிச்சிட்டீங்க. மச்சான்கிட்ட பேசிட்டேன், நெக்ஸ்ட் இப்ப வேணாம், ஆப்கேலரிக்கு ஏபிகேயும் வெப்ல ரெண்டு லெவலும் பண்றோம். ஒரே ஒரு சந்தேகம், ப்ளே ஸ்டோர்ல இருக்குற அதே பேக்கேஜ் பேர (ஆப்போட அடையாளப் பேரு) ஆப்கேலரியிலயும் வைக்கலாமா?

ஈப்போ_கோடர்:
வைக்கலாம், ஆனா ப்ளே ஸ்டோர்ல உங்க ஆப்ப கடைசியா சைன் பண்ற (இது உங்க ஆப்தான்னு முத்திரை குத்துற) சாவி கூகுள் கையில இருந்தா, நீங்க எடுக்குற ஏபிகேயோட சைன் வேறயா இருக்கும். ரெண்டு ஸ்டோரும் உள்ள ஒரே போன்ல ஒன்னு மேல இன்னொன்னு அப்டேட் ஆகாது, அழிச்சுட்டு போடச் சொல்லும், அப்ப பெரியம்மா சேத்து வச்ச பாயிண்ட் எல்லாம் போயிரும். அதனால பேர் பின்னாடி ஒரு சொல்ல சேத்து தனி பேக்கேஜா வச்சிடுங்க. சாவி ஃபைல ரெண்டு எடத்துல பேக்கப் எடுத்து வைங்க. என்கிட்ட கூகுள் இல்லாத ஹுவாவெய் போன் ஒன்னு இருக்கு, பில்ட் ரெடியானதும் லிங்க் போடுங்க, ஓட்டிப் பாத்து சொல்றேன்.