'ரீட்' என்பதா, 'ரெட்' என்பதா?

கேள்வி:
அலுவலகக் கூட்டத்தில் முந்தைய வாரத்துக் குறிப்பை உரக்கப் படிப்பது என் பொறுப்பு. 'மேலாளர் அறிக்கையைப் படித்தார்' என்ற பொருளில் இருந்த ஆங்கில வரியை நான் 'தி மேனேஜர் ரீட் தி ரிப்போர்ட்' என்று உச்சரிக்க, அருகில் இருந்தவர் 'ரெட்' என்று மெல்லத் திருத்தினார். சிவப்புக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. அகராதியைப் புரட்டினால், இரண்டு உச்சரிப்புக்கும் ஆர், இ, ஏ, டி என்ற அதே நான்கு எழுத்துகள்தாம். எந்த இடத்தில் எப்படிச் சொல்வது?

மறுமொழி 1:
சொல்லை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். நிகழ்காலத்திலும், 'வில்', 'கேன்', 'டிட்' போன்றவற்றை அடுத்து வரும்போதும் அது 'ரீட்'. இறந்தகாலத்திலும், 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றை அடுத்தும், செயப்பாட்டு வினையிலும் 'ரெட்'. ஆகவே 'டிட் யு ரீட் இட்?' என்று கேட்டால், 'எஸ், ஐ ரெட் இட்' என்பதே விடை. உங்கள் வரியிலேயே தடயம் இருக்கிறது. மேலாளர் ஒருவர்தான் என்பதால், நிகழ்காலமாயின் கடைசியில் எஸ் சேர்ந்து 'ரீட்ஸ்' என்றாகியிருக்கும். அந்த எஸ் இல்லாததால் அது இறந்தகாலம்.

மறுமொழி 2:
'லீட்' இறந்தகாலத்தில் 'லெட்' ஆவதும், 'ஃபீட்' 'ஃபெட்' ஆவதும், 'மீட்' 'மெட்' ஆவதும் இதே குறுக்கம்தான். அவற்றில் ஒலி குறுகியதற்கேற்ப எழுத்தும் குறைந்தது. இந்த ஒரு சொல்லில் மட்டும் எழுத்து பழையபடியே நின்றுவிட்டது. சிவப்பைக் குறிக்கும் சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயலே.

மறுமொழி 3:
உச்சரிப்பைவிடப் பொருளில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம் என்பது என் எண்ணம். தமிழில் நாளிதழையும் படிக்கிறோம், பத்தாம் வகுப்பும் படிக்கிறோம்; ஆங்கிலத்தில் வகுப்புக்கு இந்த வினை பொருந்தாது, 'ஐ ஆம் இன் டென்த் ஸ்டாண்டர்ட்' என்றாலே போதும். ஆனால் பிரிட்டனில் பல்கலைக்கழகப் பாடத்தைக் குறிக்க, 'ஷீ ரெட் லா அட் ஆக்ஸ்ஃபோர்ட்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. இன்னொரு பயன்பாடும் கவனிக்கத்தக்கது: 'தி மீட்டர் ரீட்ஸ் 240' என்றால் மீட்டர் எதையும் படிக்கவில்லை, 240 என்று காட்டுகிறது. அதுபோலவே 'தி போர்டு ரீட்ஸ் நோ பார்க்கிங்' என்றால், பலகையில் அப்படி எழுதியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 'ஐ' என்று தொடங்கும் வரியில் எஸ் துணைக்கு வராதே, அப்போது என்ன செய்வது?

மறுமொழி 1:
காலத்தைக் காட்டும் சொல்லைத் தேடுங்கள்: 'எவ்ரி டே' இருந்தால் 'ரீட்', 'எஸ்டர்டே' இருந்தால் 'ரெட்'. இரண்டும் இல்லையென்றால் முன்வரியின் வினை எந்தக் காலத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான். கூட்டக் குறிப்பு பெரும்பாலும் நடந்து முடிந்ததைச் சொல்வதால், அங்கே ஐயம் எழுந்தால் 'ரெட்' என்றே படியுங்கள்.