போட் கார்டு: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். பாய்மரப் படகிலேயே குடியிருந்து துறை துறையாகச் சுற்றுபவர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை இதழுக்குக் கொடுத்தாக வேண்டும். 'போட் கார்டு' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கதை நடப்பது பகாமாசின் ஜார்ஜ் டவுனில். குளிர்காலத்தில் அங்கே எலிசபெத் துறையில் நூற்றுக்கணக்கான படகுகள் நங்கூரம் போட்டிருக்கும். மாலையில் கரையில் கூடும்போது இந்த அட்டை கைமாறும். படகின் படம், பெரிய எழுத்தில் படகின் பெயர், கீழே கணவன் மனைவி பெயர் (நாய் இருந்தால் அதன் பெயரும்), பதிவுத் துறைமுகம், வானொலி அழைப்புக்குறி, படகின் வானொலிக் கருவிக்கான 9 இலக்க அடையாள எண் (எம்.எம்.எஸ்.ஐ.), மின்னஞ்சல். பலருக்கு வீடே அந்தப் படகுதான் என்பதால் வீட்டு முகவரி இருக்காது. உதவுங்கள்.
- மா.

கலவட்டை. கலம் + அட்டை. மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வரும், 'மரவடி' போல. படகு ஆற்றைக் கடக்கத்தான் ஆகும். 'கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து' என்றுதானே குறள், படகு என்றா இருக்கிறது? நாவாய்தான் மேற்கே போய் நேவி ஆனது என்பது என் நெடுநாள் துணிபு. தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.
- அ.

ஐயா, தனி மடல் வேண்டாம், இங்கேயே முடித்துக்கொள்வோம். நேவிக்கு மூலம் லத்தீன் நாவிஸ், சமஸ்கிருத நௌ அதற்கு உறவு. நாவாயை அங்கே கொண்டுபோய்க் கட்டாதீர்கள். கலம் என்றால் எங்கள் ஊரில் இன்றும் நெல் அளவுதான். கடலட்டை என்று சுருக்கமாக வைத்தால் என்ன?
- சி.

கடலட்டையா? இங்கே யாழ்ப்பாணத்தில் அது பண்ணை போட்டு வளர்த்து ஏற்றுமதி செய்யிற உயிரி. உங்கட இராமேசுவரம் பக்கம் 2001 முதல் பிடிப்பதே குற்றம். 'கடலட்டையை நீட்டி நட்புக் கொண்டார்' என்று எழுதினால் வனத்துறை வந்து நிற்கும்.
- தே.

அப்படியானால் படகட்டை. படகு + அட்டை, குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது. இலக்கணம் சுத்தம்.
- சி.

இலக்கணம் சுத்தம், ஆனால் படிக்கிறவன் உடைந்த படகின் கட்டை என்று நினைப்பான். படகுச் சீட்டு என்றால் விவேகானந்தர் பாறைக்கு வரிசையில் நிற்கிற நினைவு வரும். விசிட்டிங் கார்டு தெரியாத ஆள் தமிழ்நாட்டில் யார்? 'படகு விசிட்டிங் கார்டு' என்று போட்டுவிட்டுப் போங்கள்.
- ரா.

அதற்குத் தமிழாக்கம் எதற்கு? எழுத்துப்பெயர்ப்பு என்று சொல்லிவிடலாமே.
- அ.

சொல்லை விட்டுப் பொருளைக் கொஞ்சம் பார்ப்போம். கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். வி.எச்.எப். வானொலியில் படகின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆளின் பெயர் மறந்துபோகும், படகின் பெயர் மறக்காது. ஆறு மாதம் கழித்து வேறொரு துறையில் அதே படகு நிற்பதைக் கண்டால், பழைய அட்டையைத் தேடி எடுத்துப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு அப்புறம்தான் டிங்கியில் (கூடவே வைத்திருக்கும் சிறு படகு) ஏறிப் போவார்கள். எங்கே சந்தித்தோம் என்று வாங்கியவர் குறித்துக்கொள்வதற்காகவே பின்பக்கத்தை வெறுமையாக விடுவார்கள். பளபளப்புத் தாளில் பேனா எழுதாது. இங்க்ஜெட் மையோ ஈரக் கை பட்டால் கரைந்துவிடும். ஆகவே அறிமுகம் ஆவது முதலில் படகுதான். பெயரிலும் அது முன்னால் நிற்கட்டும். படகு அறிமுக அட்டை.
- வே.

பொருள் சரி, ஆனால் நீளம். கட்டுரையில் பதினைந்து இடத்தில் வருகிறதே!
- மா.

முதல் இடத்தில் முழுசாக எழுதுங்கள், பிறகு 'படகு அட்டை'. இடைவெளி விட்டே எழுதுங்கள், சேர்த்தால் கட்டை வந்துவிடும்.
- ரா.

சரி, எனக்கும் அது போதும்.
- தே.

புணர்ச்சியைக் கண்டு பயந்து இடைவெளி விடுவதை ஒப்ப முடியாது. இதே வழியில் போனால் நாளை 'மர அடி' என்பீர்கள். என் தொகுப்பில் கலவட்டை என்றே சேர்க்கிறேன்.
- அ.

நன்றி, ஐயா. 'படகு அட்டை' என்றே அனுப்பிவிட்டேன். ஆசிரியர் மாற்றினால் தெரிவிக்கிறேன்.
- மா.

அந்த டிங்கிக்கு என்ன போட்டீர்கள்?
- சி.