நீராவிக் குழாயில் கிளாம்ப் நழுவுகிறது, ஷூவை வெல்டிங் வைத்துவிடலாமா? (அவசரம்)

சாயத்தொட்டி:
வணக்கம். திருப்பூரில் சாயப்பட்டறை. பாயிலரிலிருந்து வரும் 6 அங்குல நீராவிக் குழாயில் சப்போர்ட் கிளாம்ப்கள் நழுவுகின்றன. எத்தனை முறை முறுக்கினாலும் மறுபடி நகர்ந்துவிடுகின்றன. கிளாம்புக்கு அடியில் பீமின் மேல் உட்காரும் இரும்புக் கால்களான ஷூக்களைக் குழாயோடு வெல்டிங் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிறார் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பாயிலர் நிற்கும். கிளாம்பா, வெல்டிங்கா?

குழாய்க்கணக்கு:
குழாய் கார்பன் ஸ்டீலா? அழுத்தம் எவ்வளவு? நேராக எத்தனை மீட்டர் ஓடுகிறது? நடுவில் லூப் (குழாய் நீள இடம் கொடுக்கும் வளைவு) உண்டா? இவை தெரியாமல் என்ன சொல்வது?

தீப்பொறி:
வெல்டிங்தான். நட்டும் போல்ட்டும் என்றைக்கிருந்தாலும் தளரும். குழாயில் நேரடியாக வைக்காமல் பேட் (குழாயோடு ஒட்டும் தகடு) போட்டு, அதன்மேல் ஷூவை வையுங்கள். பேட்டைச் சுற்றிலும் முழுதாக வெல்டிங் வைத்தால் காற்று வெளியேற ஒரு சிறு துளை விட மறக்காதீர்கள்.

துருப்பகை:
என்றும் கிளாம்ப்தான். நாளைக்குக் குழாயை மாற்றும்போது போல்ட்டைக் கழற்றினால் போதும். வெல்டிங் வைத்ததை அறுத்தெடுக்கும்போது குழாயின் சுவரும் சேர்ந்து போகும். கால்வனைஸ் குழாய் என்றால் துத்தநாகப் பூச்சும் எரிந்துபோகும்.

தீப்பொறி:
நீராவிக்குக் கால்வனைஸ் குழாய் யார் போடுகிறார்கள் ஐயா? கிளாம்புக்கு அடியில் தண்ணீர் தேங்கித் துரு அரிப்பதையும் சொல்லுங்கள்.

துருப்பகை:
180 டிகிரியில் எங்கே தேங்கும் தண்ணீர்?

தீப்பொறி:
ஞாயிறு நிற்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆறிய குழாயில் இன்சுலேஷனுக்குள் மழைநீர் இறங்காதா? சூடேறி ஆறி, சூடேறி ஆறி ஓடும் குழாய்தான் அதிகம் அரிக்கும்.

பழையபாயிலர்:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, நழுவுவது கிளாம்பின் குற்றமா? குழாய் நீளுகிறது, அது நீளத்தான் செய்யும். தடுக்கப் பார்க்கிறீர்கள். ஃபிட்டர் சொல்வதைக் கேட்டு வெல்டிங் கம்பியை எடுக்கும் முன் பள்ளிக்கூட இயற்பியலைப் புரட்டுங்கள்.

சாயத்தொட்டி:
கார்பன் ஸ்டீல், 10 கிலோ அழுத்தம். பாயிலர் அறையிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டர் நேர் ஓட்டம், அதன்பின் லூப். நேற்று இரண்டு ஷூக்களுக்கு வெல்டிங் வைத்தாகிவிட்டது.

குழாய்க்கணக்கு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 10 கிலோ நீராவி சுமார் 184 டிகிரி. கார்பன் ஸ்டீல் 100 டிகிரிக்கு மீட்டருக்கு 1.2 மி.மீ. நீளும். 30 டிகிரியிலிருந்து எழும்போது 40 மீட்டருக்கு 70 மி.மீட்டருக்கு மேல். லூப்பை நோக்கி அது போயே ஆகவேண்டும். ஒரு கேள்வி: ஷூவின் அடிப்பாகம் பீமின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா?

சாயத்தொட்டி:
எல்லா ஷூவையும் பீமோடு டேக் (சிறு புள்ளி வெல்டிங்) வைத்திருக்கிறார்கள். ஆடக்கூடாது என்று.

குழாய்க்கணக்கு:
அதுதான் காரணம். அடி நகராததால் குழாய் கிளாம்புக்குள் வழுக்குகிறது. மேலேயும் வெல்டிங் வைத்தால் வழுக்கவும் வழியில்லை. குழாய் வளையும், அல்லது பீம் முறுக்கிக்கொள்ளும். டேக்குகளை அரைத்தெடுங்கள். பாயிலர் பக்கம் ஒன்று மட்டும் ஆங்கராக, அதாவது நகராத பிடிப்பாக, இருக்கட்டும்; அங்கே கிளாம்பின் பிடியை நம்பவேண்டாம், குழாயில் லக் (வெல்டிங் வைத்த இரும்புத் துண்டு) தேவை. மற்றவை பீமின் மேல் வழுக்கட்டும், பக்கவாட்டில் விலகாமல் இருக்க 2, 3 மி.மீ. இடைவெளி விட்டுக் கைடு (தடுப்பு) போதும். லூப்புக்கு அருகிலுள்ள ஷூக்கள் நீளமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் பீமைவிட்டு விழும். அந்த லூப் இவ்வளவையும் தாங்குமா என்றும் கணக்குப் பார்க்கவேண்டும்.

பழையபாயிலர்:
இது பாயிலர் விதிகளுக்குள் வரும் நீராவிக் குழாய். அங்கீகாரம் பெற்ற வெல்டரும் ஆய்வாளரின் ஒப்புதலும் இல்லாமல் அதில் தீயை வைக்கக்கூடாது. நேற்று வைத்தவர் யார்? எந்தக் கம்பி?

துருப்பகை:
ஆக, கிளாம்ப்தான் என்று முடிவாகிறது.

தீப்பொறி:
ஆங்கருக்கு லக் என்றாரே, அதைப் பசை போட்டா ஒட்டுவீர்கள்?

சாயத்தொட்டி:
நன்றி. இந்த ஞாயிறு டேக்குகளை எடுத்தோம். இப்போது கிளாம்ப் நழுவவில்லை, ஷூக்கள்தான் நகர்கின்றன. லூப் கணக்கைப் பொறியாளரிடம் கொடுத்திருக்கிறேன்.

பழையபாயிலர்:
அந்த இரண்டு வெல்டிங்?

குழாய்க்கணக்கு:
ஆமாம், அவற்றுக்கு ஆய்வாளர் என்ன சொன்னார்?