செஸ்னா 172 என்ற சிறு விமானம் இறங்கும்போது துள்ளினால்: பிடித்து இறக்கவா, மேலே ஏறவா?

ரன்வே27: துள்ளினால் உடனே கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறு என்று மாணவர்களுக்கு மனப்பாடம் செய்யவைப்பது தப்பு. இரண்டடிதான் எழும்பியது என்றால் மூக்கை அப்படியே பிடித்து, த்ராட்டிலை (எஞ்சின் விசையை) கொஞ்சம் கூட்டினால் போதும், உட்கார்ந்துவிடும். பதற்றத்தில் முழு பவர் கொடுத்து, வலது ரடரை (வால் சுக்கானின் மிதியை) மிதிக்க மறந்து இடப்பக்கப் புல்லில் இறங்குவதுதான் பெரிய ஆபத்து.

ஓலியோ: இரண்டடி சரி சார். ஆறடி போனால்? வேகம் குறைந்துகொண்டே வரும், தரை விலகித் தெரியும், விமானியின் கை தானாக யோக்கை (மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியை) முன்னால் தள்ளும். மூக்குச் சக்கரம் முதலில் மோதி மூக்கு எகிறும். மறுபடி தள்ளுவார். விமானத்தின் ஆட்டத்துக்குக் கை எப்போதும் ஒரு கணம் பிந்துவதால் ஒவ்வொரு மோதலும் முந்தையதைவிடப் பலமாகும். மூன்றாவதில் மூக்குக் கால் மடங்கி, ப்ரொப்பெல்லர் ரன்வேயை வெட்டும்.

ரன்வே27: அதற்கு வேர் வேகம். 172எஸ் ரகம், முழு ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை), முழு எடை 1157 கிலோ: குறுகிய ரன்வேக்குக் கையேடு சொல்வது 61 நாட் (மணிக்குச் சுமார் 113 கி.மீ.). 70-ல் வந்தால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். தனி ஆள், பாதி டேங்க் என்றால் 61-ஏ அதிகம். அந்தக் கூடுதல் வேகத்தில் இறங்காமல் மிதக்கிற விமானத்தைத் தரையில் ஒட்டவைக்க யோக்கை அழுத்துகிறார்கள்.

ஓலியோ: பாதிதான் ஒப்புக்கொள்வேன். உயரத்திலேயே ஃப்ளேர் செய்து (இறங்கும் கடைசிக் கணத்தில் தூக்க வேண்டிய மூக்கை முன்கூட்டியே தூக்கி), வேகம் தீர்ந்து பொத்தென்று விழுவதும் உண்டு. 172-இன் பின்கால்கள் வெறும் ஸ்பிரிங் எஃகு. மூக்குக் காலில் இருப்பதுபோல அதிர்வை விழுங்க எண்ணெய் கிடையாது, வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், சந்தேகம் வந்தாலே ஏறுங்கள். முழு த்ராட்டில், ஃப்ளாப் 20 டிகிரி, வேகம் 60 நாட், தடைகளைத் தாண்டும்வரை ஃப்ளாப் 10. இறங்குவதற்கு வைத்த ட்ரிம் (யோக்கின் பாரத்தைக் குறைக்கும் அமைப்பு) மூக்கை மேலே தூக்கும், யோக்கை நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும்.

தென்றல்: வெளியே சேதம் தெரியாவிட்டால் அடுத்த பறத்தலுக்கு விடலாமா அண்ணா?

ஓலியோ: விடவே கூடாது. கவுலிங்கை (எஞ்சின் மூடியை) திறந்து, ஃபயர்வாலின் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டின்) அடியில் மூக்குக் கால் பிடித்திருக்கும் இடத்தில் டார்ச் அடியுங்கள். தகட்டில் சுருக்கம், ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி, பெயின்ட் வெடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விமானம் ஹேங்கரில்தான். ப்ரொப்பெல்லர் தரையைத் தொட்டிருந்தால் லைகமிங் எஞ்சினின் பின்பக்கத்தைத் திறந்து, கிராங்க்ஷாஃப்ட் (எஞ்சினின் சுழல்தண்டு) கியரின் போல்ட்டையும் டவல் பின்னையும் (அதை நகராமல் பிடிக்கும் ஆணியையும்) பார்க்கச் சொல்லி அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்.ஏ.ஏ.-வின் 2004-10-14 உத்தரவே இருக்கிறது.

ரன்வே27: இதில் மறுபேச்சில்லை. ஆனால் இரண்டடித் துள்ளலைப் பிடிக்கும் பயிற்சியை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும்.