எங்க வீட்டு குரூப்

மண்டபம் சித்தி: [படம்]

மண்டபம் சித்தி: குட்டியின் இங்கிலீஷ் டெஸ்ட் பேப்பர். நன்றாகத்தானே எழுதியிருக்கிறாள்? சிவப்பு மையில் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அரையாண்டு வேறு வருகிறது. யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

சின்ன மாமா: கையெழுத்து மணி மணியா இருக்கு அக்கா. அதுக்கே பத்து மார்க் போடலாம்.

பெரியம்மா: நீ கடலுக்குப் போகலையா?

சின்ன மாமா: பாம்பனில் 1-ம் எண் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கடலுக்குப் போக டோக்கன் கிடையாது. நான் ஃப்ரீ.

டீச்சர் அக்கா: பெரிதாக்கிப் பார்த்தேன் சித்தி. ஸ்பெல்லிங் சரி, இலக்கணமும் சரி. மிஸ்டேக்குக்கு முன்னால் ‘டிட்’ போட்டிருக்கிறாள், ‘மேட்’ வர வேண்டும். பொய்க்கு ‘சே’ போட்டிருக்கிறாள், அங்கே ‘டெல்’. டீக்கும் ஃபேனுக்கும் ‘புட்’. அடித்திருப்பது இந்த நாலும்தான்.

மண்டபம் சித்தி: தப்பு செய்தேன் என்றால் டிட் தானே?

டீச்சர் அக்கா: நமக்கு அப்படித்தான் தோன்றும். அவர்களுக்கு ஹோம்வொர்க், பிசினஸ், ஃபேவர், டேமேஜ் எல்லாம் ‘டூ’. மிஸ்டேக், நாய்ஸ், பிராமிஸ், மணி (பணம்) எல்லாம் ‘மேக்’.

துபாய் சித்தப்பா: ஒரு வேலையைச் செய்தால் டூ, புதிதாக ஒன்றை உண்டாக்கினால் மேக். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

டீச்சர் அக்கா: பாதி தூரம் வரும் சித்தப்பா, அப்புறம் கழன்றுவிடும். ‘மேக் த பெட்’ என்றால் கட்டிலையா செய்கிறார்கள்? போர்வையை உதறி விரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெரியம்மா: அதைக்கூட இந்த வீட்டில் ஒருத்தரும் செய்வதில்லை.

சின்ன மாமா: 🙈

மண்டபம் சித்தி: ஃபேனைப் போடு என்றுதானே நாம் சொல்கிறோம். பிள்ளையும் அதையே எழுதியிருக்கிறாள். பாவம்.

டீச்சர் அக்கா: அங்கேதான் எல்லாரும் விழுவது. தமிழில் ‘போடு’ ஒன்றே போதும். இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள். நீங்களே ஆளுக்கொன்று சொல்லுங்கள், நான் பதில் போடுகிறேன்.

சின்ன மாமா: பாருங்க, பதிலையும் போடுகிறாள் 😂

பாம்பன் அத்தை: கோலம் போடு

பெரியம்மா: சண்டை போடு

துபாய் சித்தப்பா: ஊசி போடு

மண்டபம் சித்தி: சாப்பாடு போடு, சத்தம் போடு

சின்ன மாமா: நங்கூரம் போடு

டீச்சர் அக்கா: மெதுவா! டீ, சத்தம் இரண்டுக்கும் மேக். கோலம் டிரா. சண்டை ஹேவ். ஊசி கிவ். சாப்பாடு சர்வ். ஃபேன் டர்ன் ஆன். நங்கூரம் டிராப்.

சின்ன மாமா: நங்கூரத்தை எடுத்தால்?

டீச்சர் அக்கா: ‘வே ஆங்கர்’.

சின்ன மாமா: எடை போடுகிற வே-யா?

டீச்சர் அக்கா: அதே சொல்தான். பழைய இங்கிலீஷில் அதற்குத் தூக்கு, சும என்று பொருள். மற்ற இடங்களில் அந்தப் பொருள் போய்விட்டது, நங்கூரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் ஆட்கள் தரையில் பேசாத பேச்சை போட்டில் பேசுவீர்களே, அப்படி.

சின்ன மாமா: அந்தப் பேச்சை இந்த குரூப்பில் எழுத முடியாது.

பெரியம்மா: டேய்.

துபாய் சித்தப்பா: எங்கள் ரூமில் பிலிப்பைன்ஸ் நண்பர் ஒருவர் இருக்கிறார். லைட்டுக்கு ‘ஓபன்’ என்பார். ஓபன் த லைட், க்ளோஸ் த லைட். எனக்குச் சிரிப்பு வரும். நான் ‘புட் த லைட்’ என்றால் அவருக்குச் சிரிப்பு வரும்.

டீச்சர் அக்கா: அவர்கள் மொழியில் விளக்கைத் திற என்றுதான் சொல்வார்கள் சித்தப்பா. நாம் போடுகிறோம், அவர் திறக்கிறார். இங்கிலீஷ்காரன் குமிழைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

பாம்பன் அத்தை: நாங்கள் கடலில் பாசி எடுக்கப் போகிறோமே, அதற்கு என்ன? படம் எடு என்றால் டேக் என்று தெரியும்.

டீச்சர் அக்கா: பாசிக்கு கலெக்ட் அத்தை. டேக் என்றால் யாரோ சேர்த்து வைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும்.

பாம்பன் அத்தை: தீவுப் பக்கம் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் இருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுக்கிறோம். கலெக்ட் என்றால் ஏதோ சீட்டுப் பணம் வசூல் பண்ணுகிற மாதிரி இல்லையா?

டீச்சர் அக்கா: 😄 சீட்டுப் பணத்துக்கும் கலெக்ட்தான் அத்தை.

பெரியம்மா: [குரல் பதிவு]

டீச்சர் அக்கா: பெரியம்மா கேட்பது நல்ல கேள்வி. சளி பிடித்திருக்கிறது என்பதற்கு ‘கேட்ச்’ வருமா என்கிறார்கள். வரும், ஆனால் தலைகீழாக. நம்மைச் சளி பிடிக்கும். அங்கே ஆள்தான் சளியைப் பிடிப்பான். ‘ஐ காட் எ கோல்ட்.’

சின்ன மாமா: டோக்கன் வாங்கித்தான் பிடிக்கிறானா?

டீச்சர் அக்கா: மீனுக்கும் அதே கேட்ச்தான் மாமா. பஸ்ஸுக்கும் அதேதான். தீப்பிடிப்பதற்கும் இரண்டு மொழியும் ஒத்துப்போகிறது, கேட்ச் ஃபயர்.

மண்டபம் சித்தி: எல்லாம் சரிம்மா. பிள்ளை இதை எப்படிப் படிப்பது? இதற்கு முடிவே இல்லை போலிருக்கிறதே.

டீச்சர் அக்கா: முடிவு இல்லைதான். ஆனால் புது வார்த்தையைத் தனியாக நோட்டில் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதோடு என்னென்ன வரும் என்று பார்க்க வேண்டும். வினையிலிருந்து ஆரம்பித்தால் மேக் ஒன்றுக்கே நாலு பக்கம் போகும். பிராமிஸ் என்று எழுதினால் பக்கத்தில் மேக், கீப், பிரேக். தீர்ந்தது. கொடுப்பது, காப்பாற்றுவது, மீறுவது மூன்றும் வந்துவிடும்.

டீச்சர் அக்கா: ஜே.ஆர். ஃபர்த் என்று ஒரு மொழியியல் பேராசிரியர். முதலில் லாகூரில் பாடம் எடுத்தவர், அப்புறம் லண்டன். ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று 1957-ல் எழுதினார்.

பெரியம்மா: இதைத்தான் உன் மாமாவுக்கு முப்பது வருஷமாகச் சொல்கிறேன்.

சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

துபாய் சித்தப்பா: டிசிஷனுக்கு மேக்கா டேக்கா? எங்கள் மேனேஜர் டேக் என்பார்.

டீச்சர் அக்கா: இரண்டும் ஓடும். டேக் பிரிட்டிஷ் பக்கம் உண்டு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் மேக். குளியலும் அப்படித்தான், அமெரிக்கர்கள் டேக் எ பாத், பிரிட்டிஷ்காரர்கள் ஹேவ் எ பாத். பரீட்சைக்கு நாம் ரைட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தியாவில் யாரும் முறைக்க மாட்டார்கள், ஆனாலும் குட்டி பேப்பரில் ‘டேக்’ என்றே எழுதட்டும். வம்பு வேண்டாம்.

பாம்பன் அத்தை: இங்கே மழை பிடித்துக்கொண்டது. நாளைக்கு லீவு விடுவார்களா?

சின்ன மாமா: விடாவிட்டால் போட்டுவிட வேண்டியதுதான்.

டீச்சர் அக்கா: கலெக்டர் விட்டால் டிக்ளேர் எ ஹாலிடே. மாமா போட்டால் டேக் லீவ். குட்டி, இரண்டையும் எழுதிக்கொள்.

மண்டபம் சித்தி: (குட்டி எழுதுகிறேன்) அக்கா, கூண்டு ஏற்றுவதற்கு?

டீச்சர் அக்கா: ஹாயிஸ்ட். கொடிக்கும் அதே. விளக்கு ஏற்றினால் மட்டும் லைட் எ லேம்ப்.

மண்டபம் சித்தி: (குட்டி) சரி. நானே மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறேன், திருத்துங்கள். மை மாமா மேட் எ பிராமிஸ் டு டேக் மீ டு தனுஷ்கோடி. ஹி டிட் நாட் கீப் த பிராமிஸ். ஹி டோல்ட் எ லை டு அம்மா.

டீச்சர் அக்கா: ஒரு தப்பும் இல்லை. பத்துக்குப் பத்து.

பெரியம்மா: என்ன எழுதியிருக்கிறாள்? தமிழில் சொல்லுங்கள்.

சின்ன மாமா: ஒன்றுமில்லை அக்கா, சும்மா பாடம். குட்டி, கூண்டை இறக்கட்டும், கூட்டிப் போகிறேன்.