கும்பகோணம் பக்கம் சைக்கிளுக்கு அமைதியான ரோடு எது?

பெடல்பித்தன்: தை மாசம் வர்றேன். ரோடு பைக், 25 மி.மீ. டயர். பஸ், லாரி தொல்லையில்லாம பழைய ஊர்களா பார்த்துக்கிட்டு அரை நாள் ஓட்ட வழி சொல்லுங்க.

அரசலாற்றுக்காரி: விடியறப்பவே கிளம்பிடுங்க. தாராசுரம் வரைக்கும் தஞ்சாவூர் மெயின்ரோடு, பல்லைக் கடிச்சுக்கணும். அங்க ஐராவதேசுவரர் கோயில், 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் ராஜராஜன் கட்டினது. முன்மண்டபத்துக்குக் கல்லுலயே சக்கரமும் குதிரையும் பூட்டித் தேராக்கியிருப்பாங்க. சைக்கிள்காரங்க அந்த ஆரக்காலை எண்ணாம நகரமாட்டாங்க! அப்புறம் பட்டீஸ்வரம், பழையாறைன்னு ஊர் ரோட்டுல போங்க. பழையாறை சோழர் தலைநகரமா இருந்த ஊர். இப்போ பார்த்தா வயலும் வாய்க்காலும்தான். எனக்கு அதுதான் பிடிக்கும். மேடே கிடையாது, ஆத்துப் பாலத்துல மட்டும் கியர் மாத்தினா போதும்.

டெல்டாதம்பி: தையில சம்பா அறுவடை, அக்கா. ரோட்டுலயே நெல் காயும்.

அரசலாற்றுக்காரி: ஆமாப்பா, மறந்தும் நெல்லு மேல ஏத்திடாதீங்க, வாங்கிக் கட்டிக்கணும். வைக்கோல் கிடந்தா இறங்கித் தள்ளுங்க, கியர்ல சுத்திக்கும். ஃப்ரேம்ல இடமிருந்தா 28 டயர் போடுங்க.

பெடல்பித்தன்: மதியம் கோயில் திறந்திருக்குமா?

அரசலாற்றுக்காரி: பட்டீஸ்வரத்துல நடை சாத்திடுவாங்க. அதுக்குள்ள போயிடுங்க.