அண்ணாவுக்கு 34 வயதில் மாரடைப்பு, எனக்கும் வருமா?

கோண்டாவில் தங்கை:
அண்மையில் அண்ணாவுக்கு மாரடைப்பு வந்து, இப்போது வீட்டில் இருக்கிறார். வயது 34. அப்பாவும் இதே வருத்தத்தால் 47 வயதில் காலமானார். சிகரெட்டும் இரவில் கொத்துரொட்டியும்தான் காரணம் என்கிறார் மாமா. அப்பா சிகரெட்டைத் தொட்டதே இல்லையே! அண்ணாவின் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரோல் 246 mg/dL. குதிகாலுக்கு மேலே உள்ள நார் தடித்திருக்கிறது; பந்து விளையாடியதால் வந்தது என்று விட்டுவிட்டோம். எனக்கு வயது 27, மெலிந்த உடம்பு. நானும் சோதிக்க வேண்டுமா? பரம்பரை என்றால் நடந்தும் வாயைக் கட்டியும் என்ன பயன்? எனக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். இதைப் பற்றி வாய் திறக்காதே என்கிறார் பெரியம்மா.

மானிப்பாய், ஓய்வுபெற்ற தாதி:
பிள்ளை, மெலிந்த உடம்பை நம்பி இருக்க வேண்டாம். இந்த வாரமே இரத்தக் கொழுப்பை அளக்கும் லிப்பிட் பரிசோதனை செய்யுங்கள். நீங்கள் எழுதியதில் என் மனத்தில் தைத்தது அந்தக் குதிகால் நார்தான். கொலஸ்ட்ரோல் படிந்தாலும் அது அப்படித் தடிக்கும். எல்.டி.எல். 190-ஐத் தாண்டி, இளவயது மாரடைப்பும் இருக்கும் குடும்பத்தில் பரம்பரை உயர் கொலஸ்ட்ரோல் இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அது உண்டு. இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.-ஐக் கல்லீரல் பிடித்திழுக்கும் ஏற்பிகள் மரபணுப் பழுதால் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே அது பிறந்தது முதலே தேங்கத் தொடங்குகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. மருந்தில்லாமல் விட்டால் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 50 வயதுக்குள்ளும், பெண்களில் 30 வீதமானோருக்கு 60 வயதுக்குள்ளும் இதயநோய் வருகிறது.

மாமா சொல்வதையும் தள்ள முடியாது. இந்த இரத்தத்தோடு சிகரெட்டும் சேர்ந்தால் வருத்தம் முந்திக்கொண்டு வரும். அண்ணா அதை இன்றே விட வேண்டும்.

சுன்னாகத்தான்:
நடந்து என்ன பயன் என்று கேட்டீர்கள். மரபணு ஆபத்து மிகுந்தவர்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், புகைக்காமல், உடல் பருக்காமல், நல்ல உணவும் உடற்பயிற்சியுமாக இருந்தவர்களுக்கு இதயநோய் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. நம் பக்கத்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த இடைநிலை வயது 53, மற்றவர்களுக்கு 59. நான் மாலையில் பண்ணைப் பாலத்தில் நடக்கிறேன். நீங்களும் நடவுங்கள்.

கோண்டாவில் தங்கை:
முடிவு வந்துவிட்டது. எனக்கு எல்.டி.எல். 211. அண்ணாவின் மகளுக்கு ஒன்பது வயது. அவளையும் சோதிக்கலாமா?

மானிப்பாய், ஓய்வுபெற்ற தாதி:
கட்டாயம். பத்து வயதுக்குள் பார்ப்பதே நல்லது. நீங்கள் அறிக்கையோடு போதனா வைத்தியசாலை இதயநோய்க் கிளினிக்குக்குப் போங்கள். அப்பாவின் வயதையும் அண்ணாவின் வயதையும் மறக்காமல் சொல்லுங்கள். நடை மட்டும் 211-ஐ இறக்காது, பெரும்பாலும் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தருவார்கள். வழமையாகக் கருத்தரிக்கும் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள், ஆகவே திருமணப் பேச்சு நடப்பதை வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

பெரியம்மாவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் மாப்பிள்ளையிடம் மறைக்காதீர்கள். எப்போது மாத்திரையை நிறுத்துவது, பிறக்கும் பிள்ளைக்கு எப்போது சோதிப்பது என்று அவரும் உங்களோடு இருந்து முடிவெடுக்க வேண்டியவர்.